ஓநாயைத் தேடி ஒன்பது நாள்

முதல் நாள்: செத்தூபல், போர்ச்சுகல்

காலை ஏழரைக்கே மீன் சந்தைக்குள் நுழைந்துவிட்டேன். லிஸ்பனிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் வந்தால் செத்தூபல். சாதோ ஆறு கடலில் சேரும் இடம். இங்குள்ள லிவ்ரமென்டோ சந்தையின் சுவரில் நீல ஓடுகள் பதித்து உழவையும் மீன்பிடியையும் பெரிய பெரிய படங்களாக வைத்திருக்கிறார்கள். கீழே ஐஸ் குவியல், அதன் மேல் வரிசை வரிசையாக மீன்.

நான் தேடி வந்தது ஒரே ஒரு மீனை. நம் கொடுவாவை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னும் ஒல்லி, முதுகு சாம்பல், வயிறு வெள்ளி. செவுள் மூடியின் ஓரத்தில் ஒரு கறுப்பு நிழல். நன்றாக வளர்ந்தால் ஒரு மீட்டர் நீளம் வரும், பன்னிரண்டு கிலோ எடை தேறும். ஆங்கிலத்தில் சீ பாஸ். சென்னையில் ஓர் உணவகத்தில் கொடுவாவுக்கும் அதே பெயரை அச்சடித்திருந்தார்கள். அது வேறு, இது வேறு. அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள அகராதியைப் புரட்டியதுதான் இந்தப் பயணத்தின் தொடக்கம்.

அகராதி சொன்னது இது: ரோமானியர்கள் இந்த மீனை 'லூபுஸ்' என்றார்கள். லத்தீனில் லூபுஸ் என்றால் ஓநாய். கழிமுகத்தில் இரை தேடித் திரிந்து சின்ன மீன்களையும் இறாலையும் விரட்டிப் பிடிக்கிற மீனுக்குப் பொருத்தமான பெயர். சரி, லத்தீனின் வயிற்றில் பிறந்த மொழிகளில் அந்த ஓநாய் எங்கெங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது? மேற்குக் கோடியில் தொடங்கிக் கிழக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வசதி. மீன் விற்கிறவர் வணிகப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். எந்த ஊரில் என்ன பெயர் சொன்னாலும் 'டைசென்ட்ரார்க்கஸ் லாப்ராக்ஸ்' என்று அட்டையில் இருந்தால் அது நம் ஆள்தான். மூன்றாவது கடையிலேயே கண்டுபிடித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'ரொபாலு'.

கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, வாங்குங்கள் என்று கை காட்டினார். வாங்க வரவில்லை அம்மா, பெயரைப் பற்றிக் கேட்க வந்தேன் என்று என் அரைகுறைப் போர்ச்சுகீசில் சொன்னேன். ரொபாலுக்குள் ஓநாய் இருக்கிறது தெரியுமா என்றதும் மீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போர்ச்சுகீசில் ஓநாய்க்கு லோபு. ரொபாலுக்கும் லோபுக்கும் என்ன உறவு என்று அவர் கேட்டது நியாயம்தான்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். லோபுவோடு ஒரு விகுதி சேர்த்தால் லொபாரு. வாய் வேகத்தில் லகரமும் ரகரமும் இடம் மாறிக்கொண்டால் ரொபாலு. சொல்லாய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிற விளக்கம் இதுதான். நமக்கு இது புதிதில்லை. மதுரையை மருதை என்கிறோம், தசையைச் சதை என்கிறோம், விசிறி சிவிறி ஆனதை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த அம்மா உதட்டை அசைத்து இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். லொபாரு, ரொபாலு. அப்புறம் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார்.

இந்தப் பெயர் கப்பலேறியும் போயிருக்கிறது. பிரேசிலில் ரொபாலு என்று கேட்டால் வேறொரு குடும்பத்து மீனைத் தருவார்கள். புதிய கரையில் இறங்கியவர்கள் ஊர் மீனை நினைவூட்டிய ஒன்றுக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். சென்னை உணவகத்தில் கொடுவாவுக்கு நடந்ததும் இதேதான்.

இரண்டாம் நாள்: பேருந்தில்

லிஸ்பனிலிருந்து செவில்லேவுக்கு நேர் ரயில் கிடையாது. பேருந்து மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது, காரணம் சொல்ல நிலையத்தில் ஆளில்லை. பகல் முழுக்க அதிலேயே போய்விட்டது. கார்க் மரத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பட்டை உரித்த அடிமரம் செங்கல் நிறத்தில் இருக்கிறது. மீன் பற்றி எழுத இன்று எதுவும் இல்லை.

மூன்றாம் நாள்: செவில்லே

ஆற்றைத் தாண்டினால் திரியானா. பாலத்தின் காலடியிலேயே சந்தை. அதற்கு அடியில் பழைய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடு. ஒரு காலத்தில் மத விசாரணை மன்றம் அங்கேதான் இருந்தது. இப்போது அதற்கு மேலே தக்காளியும் ஆலிவும் மீனும் விற்கிறார்கள்.

அட்டையில் 'லூபினா'. ஸ்பானியத்தில் ஓநாய்க்கு லோபோ. 'லோபினா' என்பது பழைய வடிவம், அது லத்தீனின் லுப்பீனாவிலிருந்து வந்தது. ஓநாயைச் சேர்ந்தவள், ஓநாய் இனத்தவள் என்று சொல்லலாம். இங்கே மீன் பெண்பாலாகிவிட்டது. மெக்சிகோவில் லோபினா என்றால் ஏரியில் பிடிக்கிற கறுப்பு பாஸ். அங்கேயும் பெயர் கப்பலில்தான் போயிருக்கிறது.

பக்கத்துத் தட்டில் இதே சாயலில் முதுகெல்லாம் புள்ளி விழுந்த மீன். அதற்கு 'பைலா' என்று பெயர். நெருங்கிய சொந்தம், ஆனால் வேறு இனம். குழப்பம் என்னவென்றால், நம் மீனுக்கும் குஞ்சுப் பருவத்தில் புள்ளி இருக்கும், வளர வளர மறைந்துவிடும். கடைக்காரப் பையன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இந்தக் கரையோரம் பெரியவர்கள் லூபினாவை ரோபாலோ என்றும் சொல்வார்கள் என்றான். ஓநாயின் இரண்டு வடிவங்களும் ஒரே கடையில்!

செவில்லேவுக்கு வந்ததற்கு உண்மையான காரணம் வேறு. கி.பி. 636இல் இறக்கும்வரை இந்த ஊரின் ஆயராக இருந்தவர் இசிதோர். 'சொற்பிறப்புகள்' என்று இருபது பகுதிகளில் ஒரு பெருநூல் எழுதினார். கல், மரம், கப்பல், கடவுள், காய்கறி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெயர்க் காரணம் தேடிய மனிதர். அவர் சொன்ன காரணங்களில் பல இன்று நிற்காது. ஆனால் ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்று அவர் நம்பிய விதம் எனக்கு மிகவும் நெருக்கமானது.

பன்னிரண்டாம் பகுதியில் இந்த மீன் வருகிறது. பேராசையால்தான் இதற்கு ஓநாய் என்று பெயர் வந்தது என்கிறார். கூடவே இன்னொன்று: பிடிப்பதற்குக் கடினமான, சூழ்ச்சிக்கார மீன். வலை சுற்றி வளைத்ததும் வாலால் மணலை உழுது தன்னைப் புதைத்துக்கொள்ளுமாம், வலை மேலே கடந்து போய்விடுமாம். 'உழுது' என்ற சொல்லையே போட்டிருக்கிறார். இதே செய்தி அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ரோமானிய எழுத்தாளர் பிளினியிடமும் இருக்கிறது. ஆகவே இசிதோர் கண்டதில்லை, படித்தது. இருந்தாலும் முதன்முதலில் இதைச் சொன்னவன் வலையைக் கையில் பிடித்திருந்த ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். வெறும் வலையை இழுத்தவனுக்குத்தான் இந்தக் கோபமும் இந்த மரியாதையும் வரும்.

நான்காம் நாள்: பார்சலோனா

செவில்லேவிலிருந்து அதிவேக ரயில் ஐந்தரை மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கியது. காலையில் போக்கேரியா சந்தை. முன்பக்கம் பழச்சாறும் கூட்டமும். நடுவில் வட்டமாக மீன்கடைகள். அங்கே போனால்தான் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம்.

இந்தப் பகுதியின் மொழியான கத்தலானில் ஓநாய்க்கு 'ல்யோப்'. மீனுக்கு 'ல்யுபாரு'. செத்தூபலில் நான் தாளில் எழுதிக் காட்டிய நடுப்படி இங்கே உயிரோடு புழங்குகிறது! எழுத்து இடம் மாறுவதற்கு முன்னால் இருந்த நிலை. அகராதியில் நட்சத்திரக் குறி போட்டு, இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகமாக எழுதுகிற வடிவத்தின் கூடப்பிறந்ததை ஒரு கடைக்காரர் சுண்ணக்கட்டியால் விலையோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். ஐந்து நிமிடம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பொய் ஓநாயையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையம் இருப்பது ல்யுபிரகாட் ஆற்றின் கழிமுகத்தில். பெயரைக் கேட்டால் ஓநாய் ஆறு, அல்லது இந்த மீனின் ஆறு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ரோமானியர்கள் அதை 'ருப்ரிகாதுஸ்' என்று எழுதியிருக்கிறார்கள். சிவந்தது என்று பொருள். காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஓநாயின் முகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஆற்றை நினைவில் வைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள்: மார்செய்

பழைய துறைமுகத்தின் முனையில் காலையில் படகுக்காரர்களே மேசை போட்டு விற்கிறார்கள். நீல வண்ணத் தொட்டிகள், அதில் இன்னும் துடிக்கிற மீன்கள். கரும்பலகையில் 'லூ'. பிரெஞ்சில் ஓநாயும் அதேதான், மீனும் அதேதான். விகுதி இல்லை, ஒலி மாற்றம் இல்லை. இங்கே ஓநாய் நேராகவே நிற்கிறது. பெருஞ்சீரகத் தண்டை அடைத்துச் சுடுவது இந்தப் பக்கத்துச் சமையல். மதியம் அதைத்தான் சாப்பிட்டேன். சதை வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய இதழாகப் பிரிகிறது. அந்தச் சோம்பு வாசனை நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

ஆனால் இது தென்கரைப் பெயர். அட்லாண்டிக் கரையில் இதே மீனுக்கு 'பார்' என்று பெயர். அது லத்தீன் சொத்தே இல்லை. இடைக்கால டச்சு மொழியின் 'பார்சே'யிலிருந்து கடன் வாங்கியது. ஆங்கில பாஸ், ஜெர்மன் பார்ஷ் எல்லாம் அந்த வேர்தான். முள்ளாகக் குத்திட்டு நிற்பது என்பது அடிப்பொருள். வடகடல் மீனவர்களோடு பழகிய கரை அவர்கள் சொல்லை எடுத்துக்கொண்டது, மத்தியதரைக் கடலைப் பார்த்த கரை ரோமாபுரியின் சொல்லை வைத்துக்கொண்டது.

மாலையில் தெருவோர மீன்கடை ஒன்றில் ஓர் அட்டையைப் பார்த்தேன். 'லூ' என்று எழுதி, பிடித்த இடம் மண்டலம் 27 என்று போட்டிருந்தது. மத்தியதரைக் கடலுக்கு எண் 37. இருபத்தேழு என்றால் வடகிழக்கு அட்லாண்டிக். அங்கே பிடிபட்டபோது அது பார். லாரியில் ஏறி இங்கே வந்து ஐஸில் படுத்ததும் லூ ஆகிவிட்டது. கடைக்காரரிடம் காட்டினேன். "இங்கே பார் என்று எழுதினால் யார் வாங்குவார்கள்?" என்றார்.

அறிவியல் பெயரில் இருக்கும் லாப்ராக்ஸ் கிரேக்கச் சொல். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் எடுத்து வைத்தது. வெறியோடு பாய்கிற, பெருந்தீனி தின்கிற என்ற பொருளுள்ள 'லாப்ரோஸ்' அதன் வேர் என்பார்கள். ஆக, கிரேக்கர்களும் இதே குணத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மார்செய் ஊரே கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்து குடியேறி உண்டாக்கியது. இந்தத் துறையில் லூ என்பதற்கு முன்னால் லாப்ராக்ஸ் என்று கூவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைய கிரேக்கத்தில் 'லவ்ராக்கி' என்றால் மீன் மட்டுமல்ல, பத்திரிகைக்காரர்கள் முந்தித் தருகிற பரபரப்புச் செய்தியும் அதுதான். கையில் சிக்காத பெரிய மீன் அல்லவா!

ஆறாம் நாள்: ஜெனோவா

நீஸ், வென்டிமிலியா என்று ரயில் மாறி மாறிக் கடலை ஒட்டியே வந்தேன். எல்லை தாண்டியதும் ஓநாய் மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். பொது இத்தாலிய மொழியில் இந்த மீனுக்கு இரண்டு பெயர்கள், 'ஸ்பீகொலா'வும் 'பிரான்சீனோ'வும். இரண்டிலும் ஓநாய் இல்லை.

மெர்க்காத்தோ ஓரியென்டாலே 1899இல் திறந்த சந்தை. அட்டையில் பிரான்சீனோ என்றே இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்த வயதான பெண்மணி கையை நீட்டி, "அந்த லுவாசு எவ்வளவு?" என்றார். இந்தப் பக்கத்து லிகூரியப் பேச்சில் ஓநாய்க்கு 'லூ'. அதோடு பெரியது என்று காட்டும் ஒரு விகுதி சேர்ந்தால் இந்த மீன். அட்டையில் இடமில்லை, வாயில் இருக்கிறது. கடைக்காரரும் அதே பெயரைத் திருப்பிச் சொல்லித்தான் விலை சொன்னார். அந்த அம்மா போன பிறகு என்னிடம் திரும்பி, பிரான்சீனோ வேண்டுமா ஐயா என்றார்.

ஏழாம் நாள்: ரோம்

இதுதான் நான் அதிகம் காத்திருந்த ஊர். ரோமில் திரும்பிய பக்கமெல்லாம் ஓநாய். கதைப்படி இந்த ஊரை உண்டாக்கிய இரட்டையர் ரோமுலஸுக்கும் ரேமுஸுக்கும் பால் கொடுத்த ஓநாய் கப்பித்தோலின் குன்றில் வெண்கலத்தில் நிற்கிறது. சாக்கடை மூடியருகே ஒட்டிய சுவரொட்டியில், கால்பந்து அணியின் சின்னத்தில், சாவிக்கொத்தில். ஆனால் தெஸ்தாச்சோ சந்தையின் மீன்கடையில் மட்டும் ஓநாய் இல்லை. ஸ்பீகொலா, ஸ்பீகொலா, ஸ்பீகொலா. பெயர் பிறந்த வீட்டிலேயே பெயரை மறந்திருக்கிறார்கள்.

ஸ்பீகொலாவின் வேர் 'ஸ்பீகா', கதிர் என்று பொருள். நெற்கதிர், கோதுமைக் கதிர், அதன் கூரிய நுனி. இந்த மீனுக்கு முதுகில் இரண்டு துடுப்புகள். முதல் துடுப்பில் எட்டு முதல் பத்து முட்கள். கடைக்காரர் அதைத் தட்டில் வைத்தபோது நான் ஆர்வத்தில் துடுப்பை விரித்துப் பார்க்கப் போக, நடுமுள் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் ஒரு சொட்டுதான், வலி சாயங்காலம் வரை. துடுப்பு விரிந்து நின்றபோது கோதுமைக் கதிரின் கூர்மூக்கு மாதிரியேதான் இருந்தது. அவர் ஒரு எலுமிச்சைத் துண்டைக் கொடுத்து, "ஸ்பீகொலா தன் பெயரைச் சொல்லிவிட்டது" என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஓநாய் என்று பெயர் வைத்தவன் தண்ணீருக்குள் வேட்டையாடுகிற மீனைப் பார்த்தவன். கதிர் என்று பெயர் வைத்தவன் மீனைக் கையால் தொட்டவன். வலையிலிருந்து பிரித்தவன், செதில் சுரண்டியவன், குடல் எடுத்தவன். ஒன்று கண் வைத்த பெயர், இன்னொன்று கை வைத்த பெயர். இரண்டும் மீனவன் வீட்டில் பிறந்தவைதான். எங்கே எது நின்றது என்பதில்தான் கரைக்குக் கரை வேறுபாடு.

மாலையில் திபேர் தீவுக்கு அருகே நின்றேன். ஆற்றின் நடுவில் உடைந்த பாலம் ஒன்று ஒற்றை வளைவாக நிற்கிறது. பழைய எமிலியுஸ் பாலத்தின் எச்சம். அதை ஒட்டிய கரையில் ஒரு கல் வளைவு வாய் திறந்திருக்கிறது. பண்டைய ரோமின் பெருஞ்சாக்கடை ஆற்றில் விழுந்த இடம் அது. ரோமானியச் சாப்பாட்டுப் பிரியர்கள் உயிரை விட்டது இந்த இடத்து லூபுஸுக்காகத்தான், 'இரண்டு பாலங்களுக்கு நடுவே பிடித்தது' என்பதற்காக! ரோமானியக் கவிஞர் ஹொராஸ் தன் அங்கதப் பாடல் ஒன்றில் கேட்கிறார்: வாயைப் பிளந்து கிடக்கும் இந்த ஓநாய் திபேரில் பிடித்ததா ஆழ்கடலில் பிடித்ததா, பாலங்களுக்கு நடுவே அலைக்கழிந்ததா முகத்துவாரத்தில் கிடைத்ததா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிகிறது? அவருக்கும் முந்திய கவிஞர் லூகீலியுஸ், பாலங்களுக்கு நடுவே பிடிபடும் இந்த மீனைத் தட்டு நக்கி என்றே அழைத்திருக்கிறார். சாக்கடை அருகே அது என்ன தின்று கொழுத்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா ஒரு கதை சொல்கிறார். மார்சியுஸ் பிலிப்புஸ் என்ற பிரமுகர் காசினும் ஊரில் விருந்துக்குப் போனார். பக்கத்து ஆற்றில் பிடித்த லூபுஸைப் பரிமாறினார்கள். ஒரு வாய் வைத்தவர் துப்பிவிட்டு, "இது மீன் என்றல்லவா நினைத்தேன், சத்தியமாக!" என்றாராம். அந்த ஒரு வாயால் ஊரெல்லாம் நாக்கு சொகுசு பிடித்தது, திபேரில் எதிர்நீச்சல் போட்டுக் களைத்த லூபுஸ் தவிர வேறெதையும் சீந்தக் கூடாது என்று ஆகிவிட்டது என்று கொலுமெல்லா வருத்தப்படுகிறார். எனக்கு அந்தக் காசினும் வீட்டுக்காரரை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இருப்பதில் நல்லதைத்தானே சமைத்து வைத்திருப்பார்.

எட்டாம் நாள்: வெனிஸ்

ரியால்தோ மீன் சந்தை பெருங்கால்வாயின் ஓரத்தில், தூண்களும் வளைவுகளுமாக 1907இல் கட்டிய மண்டபம். சுவரில் ஒரு பளிங்குப் பலகை. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று வெனிஸ் பேச்சிலேயே பொறித்திருக்கிறார்கள். 'பிரான்சின்' அதில் இருக்கிறது. இத்தாலி முழுக்கப் பரவி, இன்று உலகத்து மெனு அட்டைகளிலெல்லாம் ஏறிவிட்ட பிரான்சீனோ இந்தக் காயலில் பிறந்த சொல். நூற்றாண்டுகளாக இங்கே காயல் நீரை வரப்புக் கட்டித் தடுத்து இந்த மீனை வளர்க்கிறார்கள். வளர்த்தது பிரான்சீனோ, கடலில் பிடித்தது ஸ்பீகொலா என்று இத்தாலியர்கள் சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி எதுவும் கிடையாது, ஒரே இனம்தான். வடக்கும் தெற்கும் பேசிய இரண்டு சொற்கள், அவ்வளவே.

சொல்லின் வேர் 'பிரான்சா' என்கிறார்கள். செவுள் என்று பொருள். காலையில் சந்தையில் நின்று வாங்குகிறவர்களைக் கவனித்தேன். வந்ததும் கட்டைவிரலைச் செவுள் மூடிக்குக் கீழே விட்டுத் தூக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே ரத்தச் சிவப்பா, பழுப்பா? நம் ஊர்ச் சந்தையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளிலிருந்து பார்த்த அதே கை, அதே கட்டைவிரல். ஆனால் இந்த மீனில் கவனமாகத் தூக்க வேண்டும். செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி, பின்முனையில் தட்டையான முள் வேறு. ரோமில் பாடம் படித்திருந்ததால் நான் பேனாவால் தூக்கினேன். உள்ளே மாதுளை நிறம்.

குட்டிப் பிரான்சினுக்கு வெனிஸில் தனிப்பெயர் உண்டு, 'பாய்கொலோ'. இந்த ஊரின் புகழ்பெற்ற பிஸ்கட்டும் அதுவேதான், பன்மையில் பாய்கொலி. நீள்வட்டமாக, வெற்றிலைக் கனத்தில் சீவி, இரண்டாம் முறை சுட்டது. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கச் செய்த பண்டம். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குஞ்சு மீனின் உடல்வாகு தெரிகிறது. வாயில் வைத்தால் வெண்ணெயும் ஈஸ்ட்டும் மணக்க மொறுமொறுவென்று உடைகிறது. காபியில் தோய்த்துச் சாப்பிடச் சொன்னார்கள், அரைப் பெட்டி காலி.

ஒன்பதாம் நாள்: திமாவோ

கடைசி இடம் மீன் சந்தை இல்லை, ஓர் ஆறு. மொன்ஃபால்கோனே வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் சான் ஜொவான்னி. ஸ்லோவேனியாவின் ஷ்கோச்சியான் குகைக்குள் விழுந்து மறைகிற ஆறு, மண்ணுக்கடியில் சுமார் 40 கிலோமீட்டர் போய், இங்கே பாறையடியிலிருந்து சத்தமே இல்லாமல் எழும்புகிறது. பச்சை நிறம், சில்லென்ற குளிர். வெளியே வந்த பிறகு இரண்டு கிலோமீட்டர்தான், உடனே கடல். வெர்ஜில் தன் காவியத்தில் இதற்கு ஒன்பது வாய் என்று பாடியிருக்கிறார்.

நான் வந்தது ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் இரண்டே அடிகளுக்காக. முதல் நூற்றாண்டில் விருந்துப் பண்டங்களுக்கென்று அவர் எழுதிய சின்னஞ்சிறு பாடல்களில் ஒன்று. கம்பளிபோல் மெத்தென்ற ஓநாய் திமாவோவின் முகத்துவாரத்துக்கு வருகிறது, கடலுப்போடு நன்னீரும் குடித்து வளர்கிறது என்கிறது அது. கம்பளி என்பதன் பொருளைப் பிளினியிடம் தெரிந்துகொள்ளலாம். சதையின் வெண்மைக்கும் மென்மைக்கும் அப்படி ஒரு பெயர். ஆட்டுக் கம்பளி போர்த்திய ஓநாய் என்று கவிஞர் சிரித்திருப்பார் போல.

ஊற்றுக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரப் பாறைமேல் வெண்கல ஓநாய்கள் நிற்கின்றன. முதல் உலகப் போரில் இந்தக் கரையில் போரிட்ட 'தொஸ்கானா ஓநாய்கள்' படைப்பிரிவின் நினைவுச் சின்னம். மார்ஷியலுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ல்யுபிரகாட் ஆறு நினைவுக்கு வந்தது, உறவு கொண்டாடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

கடலைச் சேரும் இடத்தில் ஒரு முதியவர் தூண்டில் போட்டிருந்தார். மடக்கு நாற்காலியில் அவர் மனைவி, மடியில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டு. வாளிக்குள் முழங்கை நீளத்தில் நம் ஆள். என்ன மீன் ஐயா என்று, விடை தெரிந்தே கேட்டேன். "பிரான்சின்" என்றார். இந்தக் கரையில் வேறென்ன சொல்வார்கள்?

அந்த அம்மா கத்தியை நிறுத்தாமல், "இவர் ஊரில் அப்படி. எங்கள் ஊரில் லுபின்" என்றார்.

அவர் பிறந்தது குரோஷியாவின் தால்மாத்தியாவில், ஸ்ப்லித் பக்கம். அந்தக் கரையில் ஒரு காலத்தில் தால்மாத்தியம் என்று லத்தீனின் இன்னொரு பிள்ளை பேச்சில் இருந்தது. அதைப் பேசிய கடைசி மனிதர் தூவோனே உதாய்னா, க்ர்க் தீவில் 1898இல் இறந்தார். மொழி போய்விட்டது. ஆனால் அது கரையில் விட்டுச்சென்ற சில சொற்களைக் குரோஷிய மீனவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். லுபின் அவற்றில் ஒன்று. லுப்பீனுஸ், ஓநாயைச் சேர்ந்தவன்.

தாளை எடுத்தேன். செத்தூபலில் எழுதியதற்குக் கீழே இன்னும் இடம் இருந்தது. அந்த அம்மாவையே எழுதச் சொன்னேன். ஆப்பிள் ஈரம் பட்டு மை கொஞ்சம் பரவிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது.